தையல் ஏன் பிரிகிறது: துணிக்கு ஏற்ற இணைப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

தையல் விட்டுப்போனால் பெரும்பாலானவர்கள் உடனே மூன்று காரியம் செய்கிறார்கள். இன்னும் தடித்த நூலைப் போடுகிறார்கள், தையலை இன்னும் நெருக்குகிறார்கள், அதுவும் போதாதென்று பக்கத்தில் இன்னொரு வரிசையும் ஓட்டிவிடுகிறார்கள். கெட்டியான பருத்தித் துணியில் இது பலிக்கும். ஆனால் சாட்டினிலோ பனியன் துணியிலோ தோலிலோ இதே வைத்தியத்தைச் செய்தால் பழைய தையலைவிடச் சீக்கிரம் புதியது போய்விடும், அதுவும் இந்த முறை துணியையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு.

ஒரு இணைப்பு எவ்வளவு தாங்கும் என்பதைத் துணிதான் முதலில் தீர்மானிக்கிறது. நூல், ஊசி, தையல் நெருக்கம் எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. அதனால் இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது. ஒரு சின்ன ஏற்பாடு: துணிக்குள் இருப்பதை ‘இழை’ என்றும், தைக்கப் பயன்படுவதை ‘நூல்’ என்றும் சொல்லப்போகிறேன், இல்லையென்றால் பாதியில் குழம்பிவிடும்.

படி 1: பிரிந்த இடத்தை நன்றாகப் பாருங்கள்

ஏற்கனவே பிரிந்த துணி ஒன்று கையில் இருந்தால் அதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. தைத்துச் சரிசெய்யும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நான்கில் ஒன்று நடந்திருக்கும்.

நூல் அறுந்திருக்கலாம். துணி இரண்டு பக்கமும் முழுசாக இருக்கும், ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும், நடுவில் நூல் துண்டுகள் தொங்கும். இது நல்ல செய்தி. மறுபடி தைத்தால் முடிந்தது.

இரண்டாவது, நூல் முழுசாக இருக்கிறது, துணிதான் ஊசித் துளைகளின் ஓரமாகத் தபால்தலையைக் கிழித்தது போலக் கிழிந்திருக்கிறது. நூல் தேவைக்கு மேல் வலுவாக இருக்கிறது, அல்லது துளைகள் மிக நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்று அர்த்தம். இதைச் சரிசெய்வது கடினம், ஏனென்றால் திரும்பத் தைக்க அங்கே துணியே இல்லை.

மூன்றாவது வகையைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நூலும் அறவில்லை, துணியும் கிழியவில்லை. ஆனால் தையலின் ஓரத்தில் ஒரு இடைவெளி, அதில் ஒரு திசை இழைகள் மட்டும் ஏணிப்படி போல வரிசையாகத் தெரிகின்றன. இதுதான் இழை நழுவுதல். தையல் பிடித்திருக்கும் இழைகள் அப்படியே நிற்க, குறுக்கே போகும் இழைகள் அவற்றினூடே வழுக்கி வெளியே வந்துவிடுகின்றன. இதற்கு வலுவான நூல் போட்டு ஒரு பயனும் இல்லை. நூல் தோற்கவே இல்லையே!

நான்காவது, பனியன் போன்ற பின்னல் துணிகளில் வருவது. தைத்த அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று முறை துவைத்த பிறகு தையலை ஒட்டிச் சின்னச் சின்ன ஓட்டைகள் வரும், அதிலிருந்து கண்ணி ஓடும். ஊசி இழையை விலக்கிவிட்டுப் போவதற்குப் பதிலாக வெட்டிவிட்டுப் போனதன் விளைவு.

தையலை இழுத்தால் நடுவில் நூல் பல்லிளித்துத் தெரிவதும் உண்டு. அது பெரும்பாலும் டென்ஷன் (இயந்திரம் நூலை இழுத்துப் பிடிக்கும் இறுக்கம்) தளர்ந்திருப்பதால் வருவது, இழை நழுவுதலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இழுப்பதை விட்டதும் தையல் மூடிக்கொண்டால் டென்ஷன், விட்ட பிறகும் துணியில் இடைவெளி அப்படியே நின்றால் நழுவுதல்.

படி 2: துணியின் கட்டமைப்பைக் கண்டுபிடியுங்கள்

நெய்த துணியில் நீளவாக்கில் போவது பாவு, குறுக்கே போவது ஊடை. இரண்டும் எத்தனை முறை ஒன்றை ஒன்று மேலும் கீழுமாகக் கடக்கின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாதா நெசவில் ஒவ்வொரு இழையும் அடுத்த இழையைக் கடக்கும்போதெல்லாம் மேல், கீழ், மேல், கீழ் என்று மாறி மாறிப் போகிறது. பிடிப்பு அதிகம், அதனால் இழைகள் எளிதில் நழுவாது. ட்வில்லில் (ஜீன்ஸ் துணியில் சாய்வாகக் கோடு தெரிகிறதே, அதுதான்) ஒரு இழை இரண்டு அல்லது மூன்று இழைகளைத் தாண்டிவிட்டுத்தான் கீழே இறங்கும். சாட்டினில் நாலு, ஏழு என்று தாண்டும். இப்படிக் கட்டுப்படாமல் மேலே கிடக்கும் நீளத்தை மிதவை என்பார்கள். அந்த நீண்ட மிதவையால்தான் அதற்குப் பளபளப்பு, அதே மிதவையால்தான் பிடிப்பும் குறைவு.

ஆனால் பிடிப்பு அதிகமான துணியே எல்லா வகையிலும் வலுவானது என்று நினைத்துவிடக் கூடாது. கிழிக்க முயன்றால் கதை தலைகீழ். நெருக்கமாக நெய்த சாதா நெசவில் இழைகள் அசைய இடமில்லாததால் ஒன்று ஒன்றாகத் தனியே மாட்டி அறுகின்றன, துணி சர்ரென்று கிழிகிறது. தளர்வான நெசவில் இழைகள் நகர்ந்து கூட்டமாகச் சேர்ந்துகொண்டு எதிர்க்கும், கிழிப்பது சிரமம். ஆக நெருக்கமான மெல்லிய துணிக்குத் துளை வழியே கிழிவதுதான் முதல் ஆபத்து, தளர்வான அல்லது மிதவை நீண்ட துணிக்கு நழுவுவதுதான் முதல் ஆபத்து. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதி முடிவுகள் தானாகவே வந்துவிடும்.

இழையையும் பாருங்கள். ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி எடுங்கள். முடிமுடியாக, சொரசொரப்பாக இருந்தால் அது சிறு நார்களை முறுக்கிச் செய்தது. அந்த முடிகள் பக்கத்து இழைகளைப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால் அது தொடர் இழை. பட்டும், பாலியெஸ்டர் லைனிங் துணிகளும் இந்த ரகம். வழவழப்பான இழை, நீண்ட மிதவை, குறைந்த நெருக்கம் மூன்றும் ஒரே துணியில் சேர்ந்துவிட்டால் நழுவும் என்று தைப்பதற்கு முன்பே சொல்லிவிடலாம்.

கையாலேயே ஒரு சோதனை செய்யலாம். துணியை இரண்டு கைகளின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே, விரல்கள் ஒட்டி இருக்கும்படி பிடித்து, கட்டைவிரல்களால் அழுத்தி வெளிப்பக்கமாக இழுங்கள். பிறகு வெளிச்சத்தில் பாருங்கள். இழைகள் விலகி ஒரு வெளிறிய கோடு விழுந்திருந்தால் அந்தத் துணியில் சாதாரண ஒற்றைத் தையல் நிற்காது. பாவு வழியாக ஒரு தடவை, ஊடை வழியாக ஒரு தடவை செய்யுங்கள், ஏனென்றால் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பொதுவாக ஊடையின் எண்ணிக்கை பாவைவிடக் குறைவு. உடையின் பக்கத் தையல்கள் பெரும்பாலும் பாவுக்கு இணையாக ஓடுகின்றன, அதனால் உடம்பை அசைக்கும்போது இழுவிசை முழுவதும் அந்த எண்ணிக்கை குறைந்த ஊடையின் மேல்தான் விழுகிறது. இறுக்கமான சட்டை முதுகிலும் பக்கவாட்டிலும் விட்டுக்கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாய்வாக வெட்டிய ஓரம் வேறு மாதிரி. அங்கே இழைகள் தையலுக்கு இணையாக இல்லாததால் நழுவுவது குறைவு, ஆனால் துணி ரப்பர் போல நீளும். துணி நீளும்போது நூல் நீளாவிட்டால் நூல் அறும்.

பின்னல் துணியில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை, கண்ணிகள்தான். நீட்டம் அதிகம், ஒரு கண்ணி அறுந்தால் மற்றதும் ஓடும். தோல், ரெக்சின், நெய்யாத துணி இவற்றில் விலகிக்கொடுக்க இழையே இல்லை. ஊசி போட்ட துளை போட்டதுதான், பிரித்துத் தைத்தால் பழைய துளையும் அப்படியே இருக்கும்.

படி 3: இணைப்பின் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

என்னைக் கேட்டால் இந்த இடத்தில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். நூலை மாற்றிக் கிடைப்பதைவிட இணைப்பின் வடிவத்தை மாற்றிக் கிடைக்கும் லாபம் பல சமயம் பெரியது.

ஒன்றன் மேல் ஒன்று வைத்து ஒரே வரிசை அடிப்பதுதான் எல்லோரும் அறிந்த சாதாரண இணைப்பு. பாரம் முழுவதும் அந்த ஒரு வரிசை நூலின் மேல். பிரித்து இழுக்கும்போது நூலின் வளையங்கள் ஒன்றை ஒன்று வளைத்து இழுக்கின்றன. அளவான இழுவைக்கு இது போதும், எல்லாவற்றையும் இரட்டையாகத் தைக்க வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்தது மேல்தையல். பலர் இதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள், ஆனால் எந்தப் பக்கம் அடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வலிமையே மாறுகிறது. தையலுக்கு விட்ட துணியை இரண்டாகப் பிரித்து அழுத்தி, இரண்டு பக்கமும் தனித்தனியே மேல்தையல் போட்டால் ஒவ்வொரு வரிசையும் தன் பக்கத்துத் துணியை மட்டுமே தைக்கிறது. இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிப்பது இன்னமும் அந்த நடுத்தையல் ஒன்றுதான். மாறாக, விட்ட துணி இரண்டையும் ஒரே பக்கம் மடித்து மேலே அடித்தால் அந்த வரிசை இரண்டு பாகங்களையும் சேர்த்துத் தைக்கிறது, பாரம் பங்கிடப்படுகிறது. பார்வைக்குச் சிறிய வித்தியாசம், தாங்குவதில் பெரிய வித்தியாசம்.

ஃப்ளாட் ஃபெல்ட் என்று சொல்லப்படும் மடிப்பு இணைப்பு அதற்கும் ஒரு படி மேல். இரண்டு ஓரங்களும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போல மடிந்து மாட்டிக்கொள்ள, மேலே இரண்டு வரிசை தையல். ஜீன்ஸின் கால் தையலில் பார்த்திருப்பீர்கள். பிரிய வேண்டுமானால் இரண்டு வரிசையும் போக வேண்டும், ஓரங்கள் மடிப்புக்குள் பூட்டியிருப்பதால் இழை நழுவுவதும் குறைகிறது, பிசிறும் வராது. குறை என்னவென்றால் பருமன். தடித்த துணியில் நாலு அடுக்கு ஆகிவிடும், குறுக்குத் தையல் சந்திக்கும் இடத்தில் இயந்திரம் ஏற மறுக்கும்.

ஃப்ரெஞ்ச் சீம், அதாவது ஒருமுறை தைத்துத் திருப்பி, ஓரம் உள்ளே மறையும்படி மறுபடி தைக்கும் இணைப்பு, பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. இரண்டு முறை தைப்பதால் இரண்டு மடங்கு வலு என்று. அப்படி இல்லை. முதல் வரிசை உள்ளே ஓரத்தைப் பிடித்து வைக்கிறது, இழுவையைத் தாங்குவது இரண்டாவது வரிசை மட்டுமே. பிசிறு வராமல் இருப்பதும், ஓரம் அவிழாமல் இருப்பதும்தான் அதன் லாபம். மெல்லிய துணிக்கு மிக நல்ல இணைப்பு, ஆனால் இறுக்கமான உடையின் இழுபடும் இடத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

நழுவும் துணிக்கு என் வழி இதுதான்: தையலுக்கு விடும் துணியை 1 செ.மீ.க்குப் பதில் 1.5 செ.மீ. ஆக்குங்கள், ஓரத்தை ஓவர்லாக் செய்யுங்கள் (ஓரத்தைச் சுற்றி நூலால் கட்டும் தையல்), தையல் கோட்டின் மேல் மெல்லிய ஃபியூசிங் டேப் ஒன்றை அயர்ன் செய்து ஒட்டிய பிறகு தையுங்கள். டேப்பின் பசை இழைகளை ஒன்றோடு ஒன்று கட்டிவிடும். ஒருமுறை சாட்டின் மெத்தை உறை ஒன்றை நூல் மாற்றி மாற்றி மூன்று தடவை தைத்து, மூன்று தடவையும் அதே இடத்தில் வாய் பிளந்ததைப் பார்த்த பிறகுதான் டேப்புக்கு வந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பிரச்சினையே வரவில்லை. உடை என்றால் இன்னொன்றும் செய்யலாம், கொஞ்சம் தளர்வாக வெட்டுங்கள். இழுவையே வராவிட்டால் நழுவுவதற்கு என்ன இருக்கிறது?

படி 4: தையல் வகை

சாதாரணத் தையல் இயந்திரம் போடுவது லாக் ஸ்டிச், தையல் வகைகளுக்கான உலகத் தர வகைப்பாட்டில் அதன் எண் 301. மேல் நூலும் பாபின் நூலும் (கீழே உருளையில் சுற்றியிருக்கும் நூல்) துணியின் நடுவில் பூட்டிக்கொள்கின்றன. ஒரு இடத்தில் அறுந்தாலும் கடகடவென்று அவிழாது. நீட்டம் மட்டும் குறைவு. ஏன் குறைவு என்றால், நூலே கொஞ்சம்தான் உள்ளே போகிறது: ஒரு மீட்டர் தையலுக்குச் சுமார் 2.5 மீட்டர் நூல். சங்கிலி போல வளையத்துக்குள் வளையமாகப் போகும் இரட்டை நூல் செயின் ஸ்டிச்சுக்கு (401) ஏறத்தாழ 5.5 மீட்டர், மூன்று நூல் ஓவர்லாக்குக்கு (504) 14 மீட்டர் வரை. உள்ளே சேமிப்பாக இருக்கும் அந்த நூல்தான் துணி நீளும்போது கூடவே நீண்டுகொடுக்கிறது.

அதனால் பனியன் துணிக்கு நான்கு நூல் ஓவர்லாக் (514) முதல் தேர்வு. ஓவர்லாக் இல்லாத வீட்டு இயந்திரம் என்றால் 0.5 முதல் 1 மி.மீ. அகலத்தில் மிகக் குறுகிய ஜிக்ஜாக் வைத்துத் தையுங்கள், நேர்த்தையல் வேண்டாம். சாய்வாக வெட்டிய துணிக்கும் இதே குறுகிய ஜிக்ஜாக் பொருந்தும். செயின் ஸ்டிச் வலுவானதும் நெகிழ்வானதும்தான், ஆனால் நுனி சரியாகக் கட்டப்படாவிட்டால் ஒரு இழுப்பில் அவிழ்ந்துவிடும், அதனால் அதன் முனை எப்போதும் இன்னொரு தையலுக்குள் மாட்டியிருக்க வேண்டும்.

படி 5: நூலும் ஒரு சின்னக் கணக்கும்

தையல் தொழிற்சாலைகளில் பயன்படும் எளிய மதிப்பீடு ஒன்று உண்டு. ஓர் அங்குலத்தில் உள்ள தையல்களின் எண்ணிக்கையை நூலின் வலிமையால் பெருக்கி, லாக் ஸ்டிச் என்றால் 1.5-ஆலும், இரட்டை நூல் செயின் என்றால் 1.7-ஆலும் பெருக்குங்கள். வருவது ஓர் அங்குல இணைப்பு தாங்கும் பாரம். நூல் 1 கிலோ தாங்கும், அங்குலத்துக்கு 10 தையல் என்றால் லாக் ஸ்டிச் 15 கிலோ, செயின் 17 கிலோ. ஒரு தையலில் இரண்டு நூல் கால்கள் இருந்தும் 2-ஆல் பெருக்காததற்குக் காரணம், வளையத்துக்குள் வளையமாக மடங்கிய நூல் நேராக இழுத்த நூல் அளவுக்குத் தாங்காது.

இந்தக் கணக்கு நூலை மட்டும்தான் சொல்கிறது. துணி அங்குலத்துக்கு 12 கிலோவில் கிழியும் என்றால் 15 கிலோ தாங்கும் தையல் போடுவது தப்பு. இணைப்பு துணியைவிடக் கொஞ்சம் குறைவாகத் தாங்க வேண்டும், அப்போதுதான் அதிக பாரம் வரும்போது நூல் முதலில் அறும், துணி தப்பிக்கும்.

நூலின் தடிமனைக் குறிக்கும் டிக்கெட் எண் பெரிதாக இருந்தால் நூல் மெல்லியது. செயற்கை நூல்களில் 3000-ஐ டெக்ஸ் எண்ணால் (1000 மீட்டர் நூலின் எடை, கிராமில்) வகுத்தால் கிட்டத்தட்ட டிக்கெட் எண் வரும். 120 மெல்லிய, நடுத்தரத் துணிகளுக்கு, 80 கொஞ்சம் கெட்டியானவற்றுக்கு, 40 அல்லது அதற்குக் கீழே ஜீன்ஸ், பை போன்றவற்றுக்கு. ஒரே தடிமனில் பருத்தி நூலைவிட பாலியெஸ்டர் நூல் வலுவானது. வெயிலில் கிடக்கப்போகும் பொருளுக்கு நைலானைவிட பாலியெஸ்டர் நல்லது.

படி 6: ஊசி, நெருக்கம், டென்ஷன்

ஊசியில் 90 என்று இருந்தால் அதன் தண்டு 0.9 மி.மீ. தடிமன். நூல் தடையின்றி ஓடும் அளவில் மிக மெல்லிய ஊசியை எடுங்கள், துளை சிறிதாக இருப்பது துணிக்கு நல்லது. மெல்லிய துணிக்கு 70, நடுத்தரத்துக்கு 80 அல்லது 90, ஜீன்ஸுக்கு 100 அல்லது 110. பின்னல் துணிக்குக் கட்டாயம் உருண்டை முனை ஊசி, அது இழையைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு போகும். தோலுக்கு மட்டும் வெட்டும் முனை. முனை தேய்ந்த ஊசியைத் தூக்கிப் போட மனமில்லாமல் வைத்திருப்பதால் கெட்டுப்போகும் துணிகள் ஏராளம், தயவுசெய்து மாற்றுங்கள்.

தையல் நீளம் நடுத்தர நெய்த துணிக்கு 2.5 மி.மீ., அதாவது அங்குலத்துக்கு ஏறக்குறைய 10. பின்னலுக்கு 12 முதல் 14. ஜீன்ஸுக்கு 7, 8 போதும், அங்கே வலு தடித்த நூலிலிருந்து வருகிறது. தோலுக்கு 3 முதல் 4 மி.மீ. இடைவெளி, அதற்கு மேல் நெருக்கினால் துளைகள் சேர்ந்து கிழிசல் கோடாகிவிடும். நெய்த துணியில் நெருக்கத்தைக் கூட்டக் கூட்ட வலிமை ஒரு அளவு வரை ஏறும், பிறகு இறங்கும். நெருக்கமான சாதா நெசவில் சுருக்கமும் விழும், ஏனென்றால் நூல் உட்கார இழைகளுக்கு நடுவே இடமில்லை.

டென்ஷன் சரியா என்று பார்க்க மேல் நூல் ஒரு நிறம், பாபின் நூல் வேறு நிறம் போட்டுத் தையுங்கள். மேலிருந்து பாபின் நிறம் தெரிந்தால் மேல் டென்ஷன் கூடுதல், கீழே மேல் நூல் வளையமாகத் தெரிந்தால் குறைவு. இறுக்கமாக இருக்கும் நூல்தான் முதலில் அறும்.

படி 7: இழுபடும் புள்ளிகள்

எந்த இணைப்பும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இழுபடுவதில்லை. பாக்கெட் மூலை, ஸ்லிட் முடியும் இடம், கைக்குழி, கால்சட்டையில் நாலு தையல் சந்திக்கும் இடம் இவை தனி கவனம் கேட்பவை. தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று நாலு தையல் ரிவர்ஸ் அடிப்பது அடிப்படை. மூலைகளில் பார்டாக் (ஒரே இடத்தில் நெருக்கி அடிக்கும் குட்டைப் பூட்டுத் தையல்) போடுங்கள், வீட்டு இயந்திரத்தில் மிக நெருக்கமான ஜிக்ஜாக்கே போதும். ஆனால் ஒற்றை அடுக்குத் துணியின் மேல் பார்டாக் போட்டால் அதன் ஓரத்திலேயே கிழியும், பின்னால் ஒரு சின்னத் துண்டு துணி வைத்துக்கொள்ளுங்கள். பின்னல் சட்டையின் தோள் தையலுக்குள் நீளாத டேப் ஒன்றைச் சேர்த்துத் தைத்தால் தோள் தொங்காது. ஜீன்ஸ் பாக்கெட்டில் இருக்கும் செம்பு ரிவெட்டும் இதே தேவையிலிருந்து பிறந்ததுதான். ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர் வேலைக்காரர்களின் கால்சட்டைகளில் பாக்கெட் மூலை பிய்ந்துபோவதைத் தடுக்க அதைப் போட்டார், 1873-இல் லீவை ஸ்ட்ராஸ் நிறுவனத்தோடு சேர்ந்து காப்புரிமையும் பெற்றார்.

படி 8: தைப்பதற்கு முன் ஒரு சோதனை

மீதித் துணியில் 10 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளத்தில் நான்கு துண்டுகள் வெட்டுங்கள், இரண்டு பாவு நீளவாக்கில், இரண்டு ஊடை நீளவாக்கில். ஒரே வகைத் துண்டுகளை அகலப் பக்கத்தில் இணைத்து, உண்மையில் போடப்போகும் நூல், ஊசி, இணைப்பு வகையிலேயே தையுங்கள். மேல் முனையை ஓர் அங்குல அகலக் கிளிப்பால் உறுதியாகப் பிடித்துத் தொங்கவிட்டு, கீழ் முனையில் அதே அகலக் கிளிப்பில் வாளி ஒன்றை மாட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 10 நியூட்டன்.

இழை நழுவுதலுக்கான ஐ.எஸ்.ஓ. 13936 தரத்தின் இரண்டாம் பாகத்தில், சதுர மீட்டருக்கு 220 கிராம் வரை உள்ள உடைத் துணிக்கு 60 நியூட்டன், அதற்கு மேல் கனமான உடைத் துணிக்கு 120, சோபா போன்றவற்றின் துணிக்கு 180 நியூட்டன் இழுவை கொடுத்து எவ்வளவு வாய் திறக்கிறது என்று அளக்கிறார்கள். வாளிக் கணக்கில் அது வாளியின் எடையையும் சேர்த்து ஏறக்குறைய 6, 12, 18 லிட்டர். வீட்டுச் சோதனை ஆய்வகத்துக்கு ஈடாகாது, ஆனால் இரண்டு இணைப்புகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட இது தாராளமாகப் போதும். அந்தப் பாரத்தில் தையல் ஓரத்தில் அளவுகோலை வைத்து இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். ஆய்வகங்களில் 6 மி.மீ. திறப்பைப் பரவலாக எல்லையாக எடுத்துக்கொள்கிறார்கள், கண்ணில் படும் உடைக்கு என் கைக்கணக்கு 3 மி.மீ.

பின்னல் துணி என்றால் பாரம் வேண்டாம். தைத்த துண்டைத் தையல் ஓடும் திசையில் துணி எவ்வளவு நீளுமோ அவ்வளவும் பத்து முறை நீட்டுங்கள், நூல் அறும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். அப்புறம் துவைத்து, காயவைத்து, தையல் கோட்டைக் குறுக்காக விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓட்டை தெரிந்தால் ஊசியை ஒரு அளவு குறைத்து மறுபடி ஒரு துண்டு. இரண்டாவது துண்டும் சுத்தமாக வந்த பிறகு நல்ல துணியில் கத்திரியை வையுங்கள்.